அறிவினாவும் அறியாவினாவும்: குழு உரையாடலில் பொறுமையின் இலக்கணம்



இணையக் குழுக்களில் தமிழ் என்னும் பொருளில் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். கலைச்சொற்கள், எழுத்துப்பிழைகள், ஆங்கிலக் கலப்பு ஆகியவற்றை யாம் எடுத்துப் பேசுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். யாமும் பேசிச் சலித்துள்ளோம். இன்று அவற்றினும் சிறியதொன்றை எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் ஒன்றைக் கேட்கிறார்; மற்றொருவர் விடை சொல்கிறார்; அவ்விடையால் கேட்டவர் புண்படுகிறார். இஃது ஏன் நிகழ்கிறது என்பதே எம் பொருள். புண்படுத்தியவர்களுள் யாமும் ஒருவர் ஆதலின், அங்கிருந்து தொடங்குதலே முறை.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஜார்ஜ்டவுன் தெருக்கள் வெறிச்சோடின. புலனக் குழுக்கள் நிரம்பி வழிந்தன. பழைய பினாங்கின் சொற்களையும் படங்களையும் திரட்டும் ஆர்வலர் குழு ஒன்றில் யாமும் இருந்தோம். பொழுதுபோக்குக்காகக் கூடியவர்கள்தாம், எனினும் நல்ல செய்திகள் பல அங்கே வரும். அந்நாள்களில் ஒரு முதியவர் புதிதாகச் சேர்ந்தார். இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் இவ்வாறு கேட்டார்: “நாசி கண்டார் என்கிறோமே, அதில் வரும் கண்டார் நம்முடைய தமிழ்க் கண்டாரா?”

மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, முப்பதாண்டுக்கு மேல் கற்பித்து, ஓய்வு பெற்று வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஒருவருக்கு அவ்வினா எவ்வாறு பட்டிருக்கும்? உலகிலுள்ள சொற்களையெல்லாம் தமிழாக்க முனையும் கூட்டத்தில் இவரும் ஒருவர் என்று யாம் முடிவு கட்டினோம். எம் மறுமொழி இது: “ஐயா, தாங்கள் வினவியது அரியதோர் ஆய்வு. சோற்றைக் கண்டார், ஆகவே உண்டார். அடுத்து மீ கோரேங் எச்சொல்லின் திரிபு என்பதையும் தாங்களே ஆய்ந்தருள வேண்டும்.” நொடிப்பொழுதில் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சிறிது நேரங்கழித்து அவர் எழுதினார்: “பரவாயில்லைங்க சார். தெரியாமத்தான் கேட்டேன்.” அதன்பின் அவர் எதுவும் எழுதவில்லை.

அவருடைய கடைசித் தொடரைக் கவனியுங்கள். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தார். இலக்கணப் பாடத்தில் மாணவர்கள் இதனை மனப்பாடம் செய்கின்றனர். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா எனச் சோதிப்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் தடுமாறிக் கேட்பது ஐயவினா. பொருளைப் பெறக் கேட்பது கொளல்வினா. கொடுக்க எண்ணிக் கேட்பது கொடைவினா. ஒன்றைச் செய்யுமாறு தூண்டக் கேட்பது ஏவல்வினா. ‘தெரியாமத்தான் கேட்டேன்’ என்றபோது அம்முதியவர் தம் வினாவின் வகையை எமக்கு எடுத்துரைத்தார். யாம் அதனை அறிவினாவாக, அதிலும் வீம்புக்குக் கேட்ட அறிவினாவாகக் கொண்டோம். நன்னூலைப் பலமுறை பாடம் சொன்ன எமக்கு, அதில் ஒன்றும் படிக்காத ஒருவர் வினாவின் இலக்கணத்தை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

இவ்வறு வகையும் வடிவத்தால் வேறுபடுவன அல்ல என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு அழுத்திச் சொல்லல் வேண்டும். ‘இதைப் படித்தீர்களா?’ என்னும் ஒரே தொடர் அறியாவினாவும் ஆகலாம்; வகுப்பில் கேட்டால் அறிவினா ஆகலாம்; படிக்காதவரை நோக்கிக் கேட்டால் ஏவல்வினாவும் ஆகலாம். கேட்பவரின் குரல், முகம், நின்ற இடம் ஆகியவையே அதனைப் பிரித்துக் காட்டுகின்றன. கைப்பேசித் திரையில் இம்மூன்றும் இல்லை. ‘இது முன்பே இங்குப் பேசப்பட்டதே, பார்த்தீர்களா?’ என ஒருவர் உதவும் எண்ணத்துடன் எழுதுகிறார். புதியவர் அதனை ‘பார்க்காமல் ஏன் கேட்டீர்’ என்னும் கடிதலாகப் படிக்கிறார். இருவரிடத்தும் தீய எண்ணம் இல்லை; வினாவின் வகை மாறிப்போயிற்று, அவ்வளவே.

பேச்சில் இதற்கு நாம் பல காப்புகளை வைத்துள்ளோம். ‘சொல்லுங்கள்’ என்பதற்கும் ‘சொல்லுங்களேன்’ என்பதற்கும் உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். ‘கொஞ்சம்’ என்பது அளவைக் குறிக்கும் சொல். ‘கொஞ்சம் பாருங்க’ என்னும்போது அஃது அளவைக் குறிப்பதில்லை, கட்டளையின் கூர்மையை மழுக்குகிறது. மலேசியத் தமிழர் வாயில் இயல்பாக வரும் ‘லா’ என்னும் ஈற்றசையும் பல இடங்களில் இத்தொழிலையே செய்கிறது. அதனைத் தமிழ்க்கொலை என்று சாடுவோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. எழுதத் தொடங்கியதும் இவையெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. எழுத்துவழக்குக்கு மாறும் தமிழர், தம்மை அறியாமலேயே மேடை ஏறிவிடுகிறார். குழுவில் ஒருவர் தூய எழுத்துத் தமிழில் மறுப்புரைத்தால், அது தீர்ப்புரைபோல் ஒலிக்கிறது.

மரியாதைச் சொற்களைப் பெய்து எழுதினால் போதாதா என நீங்கள் கேட்கலாம். எம் மறுமொழியை மீண்டும் பாருங்கள். அதில் ‘ஐயா’ உண்டு, ‘தாங்கள்’ உண்டு, ‘ஆய்ந்தருள’ வேண்டியதும் உண்டு. உயர்வுப் பன்மையில் ஒரு குறையும் இல்லை. அம்மரியாதைச் சொற்களே அங்கே குத்தூசியாயின. நெருங்கிய நண்பரை ‘டேய்’ என்று அழைத்து எழுதும் ஒருவர், சினம் வந்ததும் ‘நீங்கள்’ என்று மாறுவதை யாவரும் கண்டிருப்போம்.

மொழிவழிப் பணிவைப் பற்றி உலகெங்கும் மிகுதியாக எடுத்தாளப்படும் ஆய்வு, பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் 1978இல் எழுதி 1987இல் தனிநூலாக வெளியிட்டது. அவ்வாய்வுக்கு அடிப்படையாக அமைந்த மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. மற்றவை ஆங்கிலமும், மெக்சிகோ நாட்டு மாயன் இனத்தார் பேசும் செல்தால் மொழியும். கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மக்கள் எவ்வாறு கேட்கின்றனர், எவ்வாறு மறுக்கின்றனர் என்பதை லெவின்சன் நேரில் தங்கித் திரட்டினார். மேலைப் பல்கலைக்கழகங்களில் பணிவைப் பற்றிப் படிக்கும் மாணவர், கொங்கு நாட்டு உழவரின் பேச்சையும் சேர்த்தே படிக்கின்றனர். நம் மாணவர் பலர் இதனை அறியார்.

அந்நூலின் நடுவச்சொல் ‘முகம்’ என்பதாகும். ஒவ்வொருவரும் பிறர்முன் காத்துக்கொள்ள விழையும் மதிப்பே முகம். பினாங்கில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் சீன அண்டையர் முகம் இழத்தல் என்கின்றனர். மலாய்க்காரர் அதனை ஆயர் மூக்கா என்பர். ஆயர் ஈத்தாமில் உள்ள அதே ஆயர்தான், நீர் என்பது பொருள். முகத்தின் நீர் வற்றும்படி ஒருவரைப் பேசுதல் மலாய்ப் பண்பாட்டில் பெரும் பிழை. நாமும் ‘முகத்தில் அடித்தாற்போல்’ என்கிறோம். தனியே இருவர் பேசும்போது முகம் சிறிது வாடினால் உடனே சரிசெய்துகொள்ளலாம். நூற்றுவர் பார்த்திருக்க வாடினால் எளிதில் மீளாது. அம்முதியவருக்கு எம் சொல்லைவிட அந்த மஞ்சள் முகங்களின் வரிசையே மிகுதியும் வலித்திருக்கும் என்று இப்போது எண்ணுகிறோம்.

தன்மைப் பன்மையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் என்பது கேட்போரையும் உள்ளடக்குவது. நாங்கள் என்பது அவரை வெளியே நிறுத்துவது. ஆங்கிலத்தில் இல்லாத இவ்வேறுபாடு தமிழிலும் உண்டு, மலாயிலும் கீத்தா, காமி என உண்டு. குழுப் பொறுப்பாளர் ஒருவர் புதியவரிடம் ‘நாங்கள் இங்கே இத்தகைய படங்களைப் போடுவதில்லை’ என்றால், சேர்ந்த அன்றே அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். ‘நாம் இங்கே போடுவதில்லை’ என்றால் விதி அதுவே. ஆனால் அவர் உள்ளே இருக்கிறார். இப்பொழிவில் எம் பிழையைச் சொல்லும்போது யாம் என்றும், உங்களையும் சேர்க்கும்போது நாம் என்றும் கூறி வருவதைக் கவனித்திருப்பீர்கள். பழக்கம், மன்னிக்க.

இனிப் பொறுமைக்கு வருவோம். எம் தந்தையார் காலத்தில் தமிழ்நாட்டுப் புலவர் ஒருவரிடம் ஓர் ஐயத்தைக் கேட்க வேண்டுமானால் கடிதம் எழுத வேண்டும். கடல்வழி அஞ்சல் சென்று மறுமொழி வரக் கிழமைகள் பலவாகும். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே வாழ்க்கை எத்துணை மெதுவாக நகர்ந்தது என்று சொல்வார்கள். அக்காலத்தவர் நம்மைவிடப் பொறுமைசாலிகள் என யாம் கூறவில்லை. சினந்து எழுதியதை அஞ்சலில் சேர்க்குமுன் ஓர் இரவு கழிந்துவிடும். அவர்களுக்கு அந்த நல்வாய்ப்பு இருந்தது. இன்று எழுதுவதற்கும் அனுப்புவதற்கும் இடையே ஒரு விரல் நகர்வே உள்ளது. போதாக்குறைக்கு இரண்டு நீலக் குறிகள் வேறு. படித்தார், ஏன் விடை எழுதவில்லை எனக் கேட்டவர் கொதிக்கிறார்.

அச்சு மெதுவாக இருந்த காலத்திலும் கண்டனங்கள் குறைவாக இல்லை. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பிறகு, அதில் பிழை காட்டித் துண்டறிக்கைகள் வந்தன. மனம் நொந்த ஐயர் மறுப்பு எழுதி, கும்பகோணத்து நண்பர் சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அதனை வாங்கிக் கிழித்தெறிந்தார். மறுப்பு எழுதினால் மறுப்புக்கு மறுப்பு வரும், பதிப்பு வேலை நின்றுபோகும் என்பது அவர் கருத்து. ஐயர் இதனைத் தம் வரலாற்று நூலில் நன்றியுடன் பதிந்துள்ளார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அடுத்தடுத்து நூல்கள் வெளிவந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது.

ஆயினும் அவ்வரலாற்றில் எம்மை மிகுதியும் ஈர்ப்பது இதற்கு முந்தைய பகுதி. 1880இல் சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது, ஐயர் கல்லூரித் தமிழாசிரியர். நூலைக் கையிலெடுத்த பின்னரே, சமணக் கோட்பாடுகள் தெரியாமல் அதனைப் புரிந்துகொள்ள இயலாது என்பதை உணர்ந்தார். கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குச் சென்றார். அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் பத்தியுடன் படிப்பவர்கள். பிற சமயத்தவரான ஓர் ஆசிரியர் வந்து, அவர்கள் வீட்டுக் குழந்தையும் அறிந்த செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டபோது, அவர்கள் நகைக்கவில்லை. சந்திரநாத செட்டியார் முதலியோர் பொறுமையாக விளக்கினர். அன்று ஒருவர் ‘இதுகூடத் தெரியாதவர் எப்படித் தமிழாசிரியரானார்’ என்று எள்ளியிருந்தால், அப்பதிப்பு எந்நிலையை அடைந்திருக்கும்? அறியாவினாவைக் கேட்க ஐயருக்குத் துணிவு இருந்தது. அதனை அறியாவினாவாகவே ஏற்க அவர்களுக்குப் பண்பு இருந்தது.

இங்கே ஆசிரியர்களாகிய உங்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். நம் தொழில் நம்மைக் கெடுத்துவிடுகிறது. நாள் முழுவதும் நாம் கேட்பன அறிவினாக்கள். விடை நமக்குத் தெரியும். மாணவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். இப்படி ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகிய பின், உலகில் யார் எதைக் கேட்டாலும் நம்மைச் சோதிக்கவே கேட்கிறார் எனத் தோன்றுகிறது. ஆர்வலர் குழுக்களில் எளிதில் சினங்கொள்வோர் பட்டியலை எடுத்தால், ஓய்வு பெற்ற ஆசிரியர் பெயர்கள் முன்னே நிற்கும். எம் பெயர் உட்பட.

நன்னூற் பாயிரம் ஆசிரியராகத் தகாதவர்க்கு நான்கு உவமைகள் கூறுகிறது. கழற்சிக்காய் இட்ட குடம், இட்ட முறையில் இன்றிக் கண்டபடி கொட்டும். மடல் நிறைந்த பனையில் ஏற முடியாது. தானாக விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சு அடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடுங்க வேண்டும். வளைந்த தென்னை, நீர் ஊற்றியவரை விட்டு அடுத்த வேலிக்குள் காய் உதிர்க்கும். எந்தக் குழுவிலும் இந்நால்வரையும் காணலாம். ஒரு நாணயத்தின் ஆண்டைக் கேட்டவருக்கு நாற்பது படங்களை அனுப்புபவர் கழற்குடம். விடை தெரிந்தும் ‘நீங்களே தேடிப் பாருங்கள்’ என்பவர் மடற்பனை. எழுதியவர் ஓலைக் காலத்தவர்; அவர் கண்ட மனிதர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

நல்ல குழுக்களே இல்லையா என்றால், உண்டு. அவற்றுள் முதன்மையானவற்றில் மலேசியர் பங்கும் உண்டு. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பாலா பிள்ளை 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழுவில், பல நாட்டுத் தமிழர் தத்தம் தொழிலுக்கு அப்பால், ஆர்வத்தால் கூடினர். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் தமிழ் எழுத்துரு செய்தார். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்ய, வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். ஒருவர் உழைத்து எழுதியதில் முன்பின் அறியாத மற்றொருவர் பிழை காட்டுவது எத்துணை இடர் நிறைந்த செயல் என்பது மெய்ப்புப் பார்த்தவர்க்கே தெரியும். அப்பணி இன்றும் தொடர்கிறது.

அக்காலத்துக் குறியேற்றப் பூசல்கள் கடுமையானவை. எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதில் தொடங்கிய வழக்கு, யார் உண்மைத் தமிழர் என்பது வரை போனதுண்டு. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் நூலின் குற்றங்காட்டல் ஒன்று. அங்கே குற்றம் நூலுக்கு உரியது, நூலாசிரியருக்கு உரியதன்று. இவ்வெல்லையை மறவாதவர்களே அப்பூசல்களுக்குப் பின்னும் ஒன்றாகப் பணியாற்ற முடிந்தது.

நமக்கு அருகிலேயே, சுங்கைப் பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி அகத்தியர் என்னும் மின்குழுமத்தை நடத்தினார். இலக்கியம், கோயில், வரலாறு எனப் பல துறைகளில் அவர் நீண்ட விளக்கங்கள் எழுதினார். மருத்துவத் தொழிலுக்கிடையே அவர் செய்தது அது. யாகூ நிறுவனம் 2020 டிசம்பரில் தன் குழுமங்கள் அனைத்தையும் மூடியது. பல குழுமங்களில் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்ட வினாக்களும் விடைகளும், யாரேனும் முன்கூட்டிப் படியெடுத்து வைத்திருந்தாலன்றி, மறைந்தன. பொறுமையாக எழுதிய விடையும் அழியக்கூடியதே.

விடைக்கும் இலக்கணம் உண்டு. நன்னூல் எட்டு வகை கூறும். மணிமேகலையின் இறுதிக் காதை பௌத்த மரபையொட்டி நான்கு வகை கூறுகிறது: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. முட்டை முந்தியதா பனை முந்தியதா எனக் கேட்டால், எந்த முட்டைக்கு எந்தப் பனை எனத் திருப்பிக் கேட்பது மூன்றாம் வகை. ஆகாயத்தில் பூத்த பூ பழையதா புதியதா என்பார்க்கு விடை சொல்லாதிருத்தல் நான்காம் வகை. வம்புக்குக் கேட்கப்படும் வினாவுக்கு வாய்வாளாமையே விடை என அம்மரபு அன்றே வகுத்தது. நீலக் குறிகளைக் கண்டு கொதிப்பவர், வாய்வாளாமையும் விடைகளுள் ஒன்று என்பதை நினைவில் கொள்வது நலம். ஆனால் அறியாவினாவுக்கு வாய்வாளாமை பொருந்தாது. அதனை யாம் பிற்காலத்தில்தான் உணர்ந்தோம். அம்முதியவர் ‘பரவாயில்லைங்க சார்’ என்று எழுதிய பிறகு, இரண்டு கிழமை யாம் ஒன்றும் எழுதவில்லை. பொறுமை காப்பதாக எண்ணிக்கொண்டோம். உண்மையில் அது வெட்கம்.

பிறகு குழுவிலேயே, அனைவரும் காண, மன்னிப்புக் கேட்டோம். அவர் வணங்கும் கைகள் இரண்டை அனுப்பினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். செய்தியைக் குழுவில் தெரிவித்த அவருடைய மகளுடன் தொலைப்பேசியில் பேசினோம். அவருடைய பாட்டனார் துறைமுகத்துப் பக்கம் தோளில் சோறு சுமந்து விற்றவராம். அக்காலத்துச் சாமான்களின் பெயர்களையெல்லாம் அப்பா சொல்வார், எங்களுக்குத்தான் நினைவில்லை என்றார் அம்மையார்.

அவர் கேட்ட வினாவுக்கு இன்னும் முறையான விடை தரவில்லை, இங்கே தருகிறோம். நாசி என்பது மலாயில் சோறு. கண்டார் என நாம் எழுதுவதும் மலாய்ச் சொல்லே. இருபுறமும் சுமை தொங்கத் தோளில் வைக்கும் தண்டையும், அவ்வாறு சுமத்தலையும் அது குறிக்கும். அத்தண்டில் கூடைகளை மாட்டிச் சோறும் குழம்பும் விற்றவர் தமிழ் முஸ்லிம்கள் ஆதலால் அவ்வுணவுக்கு அப்பெயர் நிலைத்தது. காண் என்னும் வினையின் முற்றாகிய கண்டாருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆயினும் தமிழில் எழுதும்போது இரண்டும் ஓர் எழுத்தும் வேறுபடாமல் அமைகின்றன. தமிழ் மட்டும் அறிந்த எவருக்கும் அந்த ஐயம் எழுந்தே தீரும். தமிழில் இத்தகைய சுமைத்தண்டைக் காவடி என்கிறோம். அப்படியானால் தோளில் சுமந்த அத்தமிழர்கள் தமக்குள் அதனை எச்சொல்லால் வழங்கினர்? ‘ஐயா, உங்கள் வீட்டில் அதை என்னவென்று சொல்வார்கள்?’ என்று அன்று யாம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.